அக்காவின் கீழுதடு

ஐந்தருவியில் தண்ணீருக்குள் நின்றபடி அக்கா தன் கீழுதட்டைக் கையால் பொத்திக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் விழுந்தால் அந்த இடம் காந்தும். உதட்டின் உள்பக்கம் பயறு அளவுக்கு வெள்ளையாக ஒரு புண். "சூடுட்டி. எண்ணெய் தேச்சு அருவியில நின்னா அடங்கிரும்" என்றாள். எங்கள் பக்கம் கண் எரிந்தாலும் சூடுதான், வாயில் புண் வந்தாலும் சூடுதான்; சாரல் காலத்து அருவித் தண்ணீர்தான் அதற்கு மருந்து. நானும் நம்பினேன். அந்தச் சாரல் முழுக்கக் குளித்தோம். புண் தடித்ததே தவிர ஆறவில்லை.

நாங்கள் இருவரும் தென்காசியில் தெருவோரம் காய்கறி விற்றோம். பாவூர்சத்திரம் சந்தையில் எடுத்து பஸ்ஸில் ஏற்றி வருவோம். கூவுவது, பேரம் பேசுவது எல்லாம் அவள். நான் பின்னால் உட்கார்ந்து தராசு பிடிப்பேன். ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு எழாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பேரைக் கேட்டால்கூட, பக்கத்து வகுப்பிலிருந்து அக்காதான் ஓடிவந்து சொல்லுவாள். கீழுதட்டுக்குள் ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கொண்டு அவள் பேசுகிற பேச்சு! "ஏ மயினி, வெண்டைக்காய ஒடிச்சு ஒடிச்சுப் பாக்கியே, ஒம் மாப்பிள்ளைய இப்படி ஒடிச்சுப் பாத்தா கட்டுன?" என்பாள். கேட்டவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் புண்ணைக் கிள்ளி எடுத்துச் சோதித்துவிட்டு, புற்று என்றார்கள். புகையிலை கிடந்த அதே இடம். உதட்டில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. அக்கா அழவில்லை. "பேச்சு வருமா?" என்று மட்டும் கேட்டாள். மேலுதட்டிலிருந்து ஒரு துண்டை மடக்கிக் கீழே வைத்துத் தைப்போம், அது உயிர் பிடிக்கும்வரை இரண்டு உதடும் ஒட்டியே இருக்கும், பிறகு பிரித்துவிடுவோம், பேச்சு வரும் என்று அந்த அம்மா படம் வரைந்து காட்டினார்.

உதடு ஒட்டிக் கிடந்த அந்த வாரங்களில் கடைவாய் ஓரமாக அவளுக்குக் கஞ்சி ஊற்றினேன். கடை போடாமல் இருக்க முடியாதே, நானே கூவினேன். முதல் நாள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அக்காவுக்குத் தோள் மட்டும் குலுங்கியது. வாயால் சிரிக்க முடியாது.

பிரித்த பிறகு புது உதடு இறுக்கமாக, மரத்துப்போய் இருந்தது. காப்பி ஒழுகினாலும் அவளுக்குத் தெரியாது, நான்தான் துடைப்பேன். பேசப் பேசத்தான் இளகும் என்றார் டாக்டரம்மா. பல்லாரி வெங்காயம், பாகற்காய், மாங்காய், முருங்கைக்காய் என்று நாங்கள் விற்கிற காய்களின் பேருக்கெல்லாம் உதடு வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுப்படியில் உட்கார்ந்து ஓயாமல் சொல்லிப் பார்ப்பாள். ஒரு நாள் 'பல்லாரி' பளிச்சென்று வந்தது. "ஏட்டி, நாளைக்கு நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் முன்னால், தன் இடத்தில் உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி வந்து பல்லாரி என்ன விலை என்றாள். அக்கா தெளிவாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என் பக்கம் திரும்பி, "என்ன ஆச்சி சொல்லுதாவ?" என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பார்த்த பார்வையில் காது அடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா இன்னொரு தடவை சொல்லவில்லை. டாக்டரம்மா பாடுபட்டுத் தைத்துத் தந்த உதட்டை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் போனதும் தராசைத் தன் பக்கம் இழுத்தாள். "நீ பேசுட்டி. நான் நிறுக்கேன்."

"ஒனக்குத்தான் நல்லா வருதேக்கா" என்றேன்.

"வருது. யாரு கேக்கா?"

இடம் மாறி உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு வீட்டில் என்னிடம் மட்டும்தான் பேசினாள். கொஞ்ச காலத்தில் கழுத்தில் நெறி கட்டியது; புற்று அங்கே இறங்கியிருந்தது. நாள் கடத்தி வந்துவிட்டீர்கள் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அடுத்த சாரலுக்கு அக்கா இல்லை.

இப்போதும் அதே தெருவில்தான் கடை. வாயில் புண் என்று யார் சொன்னாலும், ரெண்டு வாரத்தில் ஆறாவிட்டால் அருவிக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டுகிறேன். போன வாரம் ஒரு பெண் பேரம் பேசிப் பார்த்துத் தோற்றுவிட்டு, "யாத்தே, இந்த ஆச்சிக்கு வாயப் பாரேன்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சொல்லுக்கு உரியவள், பின்னால் தராசைப் பிடித்துக்கொண்டு பேசாமலே போய்விட்டாள்.