சித்தப்பாவின் கைமடிப்பில் கரம் பவுடர்

மேல்மாடி வீட்டில் கரம் போர்டு வாங்கியிருக்கிறார்கள். மாலையானால் என் தலைக்கு மேலே டொக் என்று ஓர் அடி, காய்கள் சிதறி ஓடும் சலசலப்பு, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அடுத்த அடி விழும்வரை தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. ரயில், கடல், காலி வீதி பஸ், லொத்தர் சீட்டு விற்கிறவனின் ஒலிபெருக்கி எல்லாம் காதில் ஏறி இறங்கிப் போய்விடும். அந்த ஒன்றுமில்லாத இடைவெளிதான் என்னை இருக்க விடாது. அதற்குள் யாரோ தலை நிமிர்ந்து யாரையோ பார்க்கிறார்கள் என்று இந்த வயதிலும் மனம் சந்தேகப்படுகிறது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்கள் பொலிஸில் பதிந்து, பதிந்த துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம். அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா, அப்படி ஒரு துண்டோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்திருந்தார். காத்திருக்கிற ஆளுக்கு அம்மா தேங்காய் துருவக் கொடுத்தாள், வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள். அதெல்லாம் முடிந்த பின்னும் பகல் மிச்சமிருந்தது. ஒருநாள் என் கரம் போர்டுக்கு எதிரே வந்து குந்தினார்.

அவருக்குக் கரம் வராது. சுண்டினால் ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டிக் கதிரைக்கடியில் போய்விடும்.

"உன்னோட விளையாட எனக்கு ஏலாது பிள்ளை," என்றார். "குழப்ப ஏலும்."

குழப்பினார். நான் குறி பார்க்கும் நேரம் பார்த்து எவர்சில்வர் தட்டைச் சீமெந்துத் தரையில் போடுவார். "பல்லி, பல்லி, தலைக்கு மேல பல்லி!" என்பார். வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற பெண்ணின் குரலை அப்படியே எடுத்து, என் பெயரைச் சொல்லி, "அன்னார் ஒரு கறுப்புக் காயைத் தவறவிட்டதால் இன்று அகால மரணமடைந்தார். உற்றார் உறவினர் இதனை ஏற்றுக்கொள்ளவும்," என்று வாசிப்பார்.

"பிள்ளையின்ர பேரைச் சொல்லி உதென்ன விளையாட்டு தம்பி?" என்று அம்மா குசினியிலிருந்து கத்துவாள். "வாயைக் கழுவும் முதல்!"

எனக்குச் சிரிப்பில் கை ஆடும். காய் எங்கோ போகும். ஒரு வாரம் அப்படியே தோற்றேன், எதிரே விளையாட ஆளே இல்லாமல். அதன் பிறகுதான் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு வித்தையை எனக்குச் சொன்னார்.

"சும்மா இருக்கிற கை இருக்கெல்லோ, அதின்ர பெருவிரலை உள்ளங்கைக்குள்ள மடிச்சு இறுக்கு. மூச்சு தானா வெளிய போகட்டும். போன பிறகு அடி. என்ன விழுந்தாலும் நிமிர்ந்து பாக்காதை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"செக்பொயின்ற்ல அடையாள அட்டையை நீட்டேக்க நான் உப்பிடித்தான்."

அதையும் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் வித்தை வேலை செய்தது. தட்டு விழுந்தது, மூடி உருண்டது, பல்லி வந்தது, நான் தினமும் இறந்து அடக்கமானேன். என் விரல் அசையவில்லை. ஒருநாள் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வெடிபோல் உறுமிற்று. பெருவிரலை மடித்தேன், மூச்சை விட்டேன், வெள்ளைக் காய் பைக்குள் போனது. வெற்றியோடு நிமிர்ந்தால் எதிரே சித்தப்பா இல்லை. கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார். "தோத்திட்டீங்கள் சித்தப்பா!" என்று கைகொட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைவு.

கொழும்புப் பாடசாலைச் சிறுமிகளுக்கான போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டேன். எதிராளி கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு பிள்ளை. அவளை நான் கண்டதில்லை. ஆட்டமும் கொட்டாஞ்சேனையில், ஒரு மண்டபத்தில். வென்றவள் கண்டிக்குப் போகலாம். அம்மா தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "வெண்டால் கண்டி. தோத்தால் போர்டு அலுமாரிக்கு மேல ஏறும், இறங்காது. படிப்பைப் பார்." அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்தப் பலகையைத் தவிர வேறு ஒன்றிலும் கெட்டித்தனம் இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான் செவ்வாய்க்கிழமைகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

செவ்வாய் என்றால் சித்தப்பா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார். அதில் அதிசயமில்லை, வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள் கிறிஸ்தவம், சைவம் பார்க்காமல் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்தினார்கள், நெற்றியில் விபூதியோடேயே. ஆனால் மெழுகுதிரி கொளுத்த எவ்வளவு நேரம் பிடிக்கும்? காலையில் போனவர் மத்தியானச் சோறு ஆறிப்போன பிறகுதான் வருவார். பசிக்கவில்லை என்பார். ஒரு செவ்வாய் அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபோது கைமடிப்பில் வெள்ளையாகக் கோடு. விரலால் தொட்டேன். வழுக்கிற்று. திருநீறு வழுக்காது.

"கோயில்ல கரம் விளையாடுறவையோ?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது?" என்றார். சிரித்தார். ஆனால் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

அதற்குப் பின் அவரை நான் விட்டுவைக்கவில்லை. பஸ் டிக்கட்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். அவர் குளிக்கும்போது பாடுகிற பாட்டில்கூட ஏதோ ஒளிந்திருப்பதாகப் பட்டது. ஆட்டத்துக்கு முதல் நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்து அவரே அகப்பட்டார்: "அந்தப் பிள்ளை இடக்கைக்காரி. வலப்பக்கத்து மூலையைக் கவனமாப் பார்."

"நீங்கள் எங்க கண்டனீங்கள்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆரோ சொல்லிச்சினம்."

யாரோ! கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் கை இடமா வலமா என்று கொழும்பில் எந்த யாரோ சித்தப்பாவைத் தேடிவந்து சொல்லியிருப்பார்கள்?

மறுநாள் மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது முன்வரிசையில் சீத்தைச் சட்டை போட்ட ஒரு பெண் எழும்பி, முகமெல்லாம் மலர, "வாங்க தம்பி," என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சித்தப்பாவின் தலை இல்லை என்று மெல்ல ஆடியதை நான் கண்டேன். அம்மா காணவில்லை, அவள் நடுவரிடம் கண்டிப் பயணம் எந்தத் திகதி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்த மெலிந்த பிள்ளைதான் எனக்கெதிரே வந்து உட்கார்ந்தாள். இடக்கையால் பவுடரைத் தூவினாள்.

சித்தப்பா எங்கள் பக்கத்து வரிசையிலும் இருக்கவில்லை, அவர்களுடைய வரிசையிலும் இருக்கவில்லை. நடுவில், ஒரு தூணோரம். நான் காய் போட்டால் கை தட்டவில்லை. அவள் போட்டாலும் தட்டவில்லை. மடியைப் பார்த்தபடி இருந்தார்.

நன்றாகவே விளையாடினேன். கடைசிச் சுற்றில் சிவப்பைப் பைக்குள் இறக்கினேன். அதைத் தொடர்ந்து உடனே என் காய் ஒன்றையும் போட்டால்தான் சிவப்பு எனக்கு. இல்லையென்றால் அது நடுவுக்குத் திரும்பிவிடும். என் வெள்ளை ஒன்று பையின் வாயிலேயே நின்றது. ஊதினால் விழும். கண்டி என் விரல் நுனியில் இருந்தது. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குனிந்தேன்.

பின்னால் யாரோ ஒருவரின் குடை கதிரையோடு சேர்ந்து தடாலென்று சரிந்தது. மண்டபமே திரும்பிற்று, நடுவர்கூடத் திரும்பினார். நான் திரும்பவில்லை. பெருவிரலை மடித்தேன். மூச்சு வெளியே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பலகையின் எதிர் விளிம்பில் அந்தப் பிள்ளையின் வலக்கை கண்ணில் பட்டது. பொத்தியிருந்தது. பெருவிரல் உள்ளே.

அவளும் திரும்பவில்லை.

தட்டையும் பல்லியையும் மோட்டார் சைக்கிளையும் வென்றவள் நான். பொத்தியிருந்த அந்தச் சின்னக் கையை வெல்ல எனக்கு ஒன்றும் சொல்லித்தரப்பட்டிருக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில், எனக்கு மட்டும் என்று நான் நம்பியிருந்த ஒன்று, அங்கே அவள் கைக்குள் இருந்தது. எல்லாச் செவ்வாய்க்கிழமைகளும் ஒரே நொடியில் வெளிச்சமாயின. நான் நிமிர்ந்தேன். நிமிர்ந்து, தூணோரம் இருந்த சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனி, குனி என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவரைப் பார்த்தபடியே அடித்தேன்.

ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் தான் மட்டும் பைக்குள் போய் விழுந்தது. சிவப்பு நடுவுக்கு வந்தது. தண்டமாக என் காய் ஒன்றும் வெளியே வந்தது. மிச்சத்தை அந்தப் பிள்ளை அவசரப்படாமல் முடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீங்கள்தானே அவளுக்கும் காட்டிக் குடுத்தனீங்கள்?"

"ஓம்," என்றார்.

"ஏன்?"

வாயைத் திறந்தவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார். "தோத்த கோவத்தில பிள்ளை விசர்க் கதை கதைக்குது. நீர் ஒண்டும் நினையாதையும் தம்பி," என்றாள் அம்மா. அலுமாரியின் உச்சி அவளுக்கு எட்டாது. போர்டைத் தூக்கி மேலே வைத்தவரும் சித்தப்பாதான்.

இதற்குள் இருந்த கதை எனக்குக் கிடைத்தது பல வருடங்கள் கழித்து, களுபோவில ஆஸ்பத்திரியில், மருந்து எடுக்கும் வரிசையில். முன்னால் நின்ற ஒரு முதிய பெண் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "நீங்க வெள்ளவத்தை கரம் பிள்ளைதானே? சித்தப்பா சுகமா இருக்காரா?"

அவர், அந்த இடக்கைப் பிள்ளையின் தாய், அவர்தான் சொன்னார். ஒரு செவ்வாய், கோயிலில் நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்று அவரிடம் கேட்டு வாங்கித் திரி கொளுத்தியிருக்கிறார் சித்தப்பா. வெளியே வந்தால் சந்தியில் சோதனை. வெள்ளவத்தையில் பதிந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு, டிரக்கில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத அந்தப் பெண், பின்னால் ஓடிப்போய், "மகே மல்லி, மாத்தயா," என் தம்பி ஐயா, என்று சிங்களத்தில் ஒரு போடு போட்டிருக்கிறார். பக்கத்திலேயே, கொட்டாஞ்சேனையில், என் மகளுக்குக் கரம் பழக்கத்தான் செவ்வாய் தவறாமல் வருகிறான் என்றாராம்.

"வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். போர்டு வீட்டுல இருந்திச்சு, அதான் கரம் வந்திச்சு வாயில. அந்தச் சந்திக் காவலுக்கு நின்னவன் லேசுப்பட்டவன் இல்ல. ஒவ்வொரு செவ்வாயும் என் வாசலைப் பார்ப்பான், ஆள் வந்திருக்கா என்று. வராம விட்டா நான் பொய் சொன்னதா ஆயிரும். பாவம், அவருக்குச் சுண்டவே தெரியாது! மரண அறிவித்தல் வாசிப்பார், நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க அக்கா, அண்ணி பயந்து என்னை ஊருக்கே திருப்பி அனுப்பிருவா என்பார்."

ஆறாம் வகுப்புக்காரிக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அலுமாரிக்கு மேலே ஒரு பலகை. அவள் சித்தப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அவர் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார், அவள் நிமிரவில்லை.

ஏஜென்சிக்காரன் திடீரென்று அழைத்தான். பகல் சாப்பாட்டு நேரம் வாசலில் வான் நின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரதியிடம் சிங்களத்தில் பாதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் இருந்தேன். புதுச் சப்பாத்து கடிக்க, காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து என்னிடம் வந்தார்.

"இன்னும் கோவமோ?"

படிக்கட்டின் கம்பியை நகத்தால் சுரண்டினேன்.

"போயிட்டு வாறன் பிள்ளை."

கேட்காமல் விட முடியவில்லை. இத்தனை நாளும் பல்லுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்: "கொட்டாஞ்சேனைக்கும் போய்ச் சொல்லிப்போட்டோ போறீங்கள்?"

ஒரு பொய்யைத்தான் எதிர்பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால், அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டாவது அவரை அனுப்பியிருப்பேன். அவர் அம்மா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஓம் பிள்ளை. அங்கதான் முதல் போனனான்."