அப்பாவின் கை பிந்திய பொங்கல்

எங்கள் வீட்டில் அப்பாவின் கையை எல்லோரும் நம்பினோம். கடைசியில் நம்பாமல் போனவர் அப்பா ஒருவர்தான்.

தெலுங்கு ஊர்தான் என்றாலும், குஷாய்குடாவில் எங்கள் காலனித் தமிழர்களுக்கென்று ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. வருடமெல்லாம் தொழிற்சாலையில் மல்லுக்கட்டுகிறவர்கள் பொங்கல் விழா மேடையில் பளபளவென்று ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடுவார்கள். அப்பா அதில் பாங்கோஸ். அந்த இரட்டைக் குட்டி மேளத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவர் தட்ட ஆரம்பித்தால், பாடுகிறவர் சுருதியை விட்டாலும் தாளத்தை விட முடியாது. திருச்சியில் கல்லூரி நாட்களில் கல்யாணக் கச்சேரிகளில் பழகிய கை அது. வீட்டிலும் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜை, ஸ்கூட்டர் சீட், என் முதுகு எல்லாமே அதற்குப் பாங்கோஸ்தான்.

தொழிற்சாலையில் அவருக்கு மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. சரியென்று ஏற்கெனவே தெரிந்த ஒரு மீட்டரைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றையே காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார். அதனாலோ என்னவோ, மனிதர்கள் சொல்வதைவிடக் கருவி சொல்வதில் அவருக்கு மரியாதை அதிகம். அம்மா என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் என்றால் போதாது. தெர்மாமீட்டரும் சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினோரு வயதானபோது, பொங்கலுக்குச் சில வாரங்கள் முன்னால், மாமா அமெரிக்காவிலிருந்து திரும்பினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வீடியோ கேம் கொண்டுவந்தார். அப்போது ஊரெல்லாம் அந்தப் பைத்தியம்தான். மால்களில் அம்புக்குறி போட்ட மேடையில் குதித்து ஆடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மாமாவின் நண்பர்கள் வீடுகளில் சோபாவுக்குப் பின்னால் தவறாமல் ஒரு பிளாஸ்டிக் கிட்டார் சாய்ந்திருக்கும். வாத்தியத்தைத் தொட்டே அறியாதவர்கள் ஒரே வாரத்தில் வித்வான்களாகிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு வந்தது டிரம்ஸ். நான்கு நிறத்தில் நான்கு வட்டத் தட்டுகள், இரண்டு குச்சிகள். பாட்டு ஓடும்போது திரையில் நிறநிறமாய்ப் பொட்டுகள் இறங்கி வரும். பொட்டு கீழே உள்ள கோட்டைத் தொடும்போது அந்த நிறத் தட்டில் அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் பச்சை விளக்கு. பிந்தினால் சிவப்பு விளக்கு எரியும், திரைக்குள் இருக்கும் கூட்டம் 'ஊ' என்று கத்தும்.

கையோடு மாமா எங்கள் டப்பா டிவியைத் தள்ளிவிட்டு, சுவரில் மாட்டும் எல்சிடி டிவியும் வாங்கித் தந்தார். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"பழசுக்கு என்ன கேடு வந்துச்சு? இது ரிமோட்ட அமுக்கினா யோசிச்சு யோசிச்சுல்ல மாறுது" என்றாள். அம்மா புதிதாக எது வந்தாலும் குறை சொல்பவள் என்பதால் நாங்கள் சிரித்துவிட்டு விட்டோம்.

முதலில் நானும் சிவப்பாகத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு சூட்சுமம் பிடிபட்டது. பொட்டு கோட்டைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது, தொடுவதற்குச் சற்று முன்பே அடித்துவிட வேண்டும். பாட்டைக் கேட்காமல் இருந்தால் இன்னும் சுலபம். எனக்கு அதில் சிரமமே இல்லை. கெட்டுப்போக என்னிடம் தாளம் இருந்தால்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, "அத்தான், இது உங்க ஏரியா. வாங்க, ஒரு கை பாருங்க" என்று கூப்பிட்டார்.

அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குச்சிகளை ஒதுக்கிவிட்டு விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். பாட்டு ஆரம்பித்ததும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கையால் தட்டினார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. பாதிப் பாட்டிலேயே கூட்டம் கத்தி அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டது.

"என்ன அத்தான், பஸ் போனப்புறம் ஸ்டாப்புக்கு வர்றீங்க!"

அப்பாவும் சிரித்தார். கண்ணைத் திறந்துகொண்டு இன்னொரு முறை அடித்தார், குச்சியால் ஒரு முறை அடித்தார். அப்போது சிரிக்கவில்லை.

"நக்கோப்பா, வேணாம், அப்படி இல்ல. கொஞ்சம் முன்னாடியே அடிச்சிடணும்" என்றேன்.

"முன்னாடி அடிச்சா அது தாளமே இல்லியேம்மா."

சற்று யோசித்தார். குச்சிகளை என்னிடம் நீட்டி, "அதே பாட்ட நீ அடி, பாக்கலாம்" என்றார்.

மாமா சத்தத்தை முழுசாக வைத்தார். அப்பா என் கையைப் பார்க்கவில்லை. மீட்டர் முள்ளைப் பார்ப்பதுபோல் திரையில் எரியும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்து கடைசிவரை பச்சை. மாமா என்னைத் தோளில் தூக்கிச் சுற்றி இறக்கினார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா. என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மெல்லிசைக் குழுத் தலைவருக்கு போன் செய்தார். "இல்ல சார், கை பிந்துது. மேடையில பாடறவங்கள நான் கவுத்துடக் கூடாது பாருங்க."

அம்மா சண்டைக்கே போய்விட்டாள். "ஒரு பொம்மை சொன்னதுக்காகவா வேண்டாங்கறீங்க?"

"அதுக்கு என்னைத் தெரியாதுல்ல. தெரிஞ்சவங்கதான் முகத்துக்காக நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க."

அந்தப் பொங்கலில் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தியே தாளம் வரவழைத்தார்கள். அப்பா பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை, பட்டனே போதுமாக இருந்தது. பாங்கோஸ் பழைய போர்வைக்குள் பரணுக்குப் போனது. சாப்பாட்டு மேஜையில் தட்டுவதும் எப்போது நின்றது என்று தெரியாமலே நின்றுபோனது.

இப்போது நானும் கச்சிபௌலியில்தான் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஆபீஸ் விளையாட்டு அறைக்கு யாரோ அதே பழைய டிரம்ஸ் விளையாட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆசையாகக் குச்சியை எடுத்தேன். என்னைவிடச் சின்னவளான ஒரு பெண் தடுத்தாள்.

"இருங்கக்கா, மொதல்ல டிவிக்கு ஏத்த மாதிரி செட் பண்ணணும். இந்த டிவியில படமும் சத்தமும் கொஞ்சம் லேட்டாதான் வெளிய வரும். கேமுக்கு அது தெரியாது. செட் பண்ணலன்னா கரெக்டா அடிக்கிறவங்கதான் தோப்பாங்க."

குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். ரிமோட்டைப் பற்றி அம்மா சொன்னது காதில் கேட்டது. ஓடிப்போய்ச் சொல்ல அப்பா இல்லை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

ஆயுள் முழுக்க மீட்டரைச் சரிபார்த்த மனிதர் இதை மட்டும் எப்படிச் சரிபார்க்காமல் நம்பினார் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாமேல் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அவர் சரிபார்த்தார். அவர் வழக்கப்படியே, சரியென்று தான் நம்பிய ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொன்னார். அப்படி அவர் வைத்துப் பார்த்தது என்னை, முன்கூட்டியே அடிக்கப் பழகியிருந்த என்னை.

ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அடித்துவிட்டு, மாமாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, அப்பா ஏன் கைதட்டவில்லை என்று அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.