பொட்டு வைத்த கிரைண்டர்

காலை பத்தே முக்கால். கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் மாமாவின் லேத் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, என் ஆங்கிள் கிரைண்டரின் நெற்றியில் இருந்த குங்குமப் பொட்டு.

இரும்பு அறுக்கிற அந்த மெஷின்தான் எங்கள் இசைக்குழுவின் முக்கிய வாத்தியம். தகரத்தின் மேல் ஓடவிட்டால் பொறி பறக்கும். அதன் அலறலை மைக்கில் பிடித்து, கிதார் பெடல்களில் விட்டுத் திரித்து, அதற்கு மேல் நான் கத்துவேன். இண்டஸ்ட்ரியல் ராக் என்று இதற்குப் பெயர். குழுவில் இரண்டே பேர். நான் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியர். மற்றவன் கோட்டைமேட்டுக்காரன்; அவனுடைய வாப்பாவுக்கு உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. எங்கள் டிரம் செட் முழுக்க அந்தக் கடைச் சரக்கு. வாங்க ஆள் வந்தால் வாப்பா விற்றுவிடுவார். ஒருமுறை இரண்டு கச்சேரிகளுக்கு நடுவில் எங்கள் பேஸ் டிரம் யாருடைய வீட்டுக்கோ தண்ணீர்த் தொட்டியாகப் போய்விட்டது.

எங்கள் ரசிகர்களை ஒரு ஆம்னி வேனில் ஏற்றிவிடலாம். ஒருமுறை தாராபுரத்தில் ஒரு காதுகுத்துக்கு, 'பேண்டு' என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டுவிட்டார்கள். காது குத்தும்போது அழாத குழந்தை நாங்கள் ஆரம்பித்ததும் அழுதது. பந்தியை மட்டும் முடித்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது.

ஊர் தாண்டி எங்களை மதித்துக் கேட்க முன்வந்தவர் ஒருவர்தான். பெங்களூரில் நடக்கும் ஒரு இசை விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பவர். கொச்சியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மாலை இறங்கிக் கேட்டுவிட்டு, அடுத்த ரயிலைப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தார். இதுவும் போனால் குழுவைக் கலைத்துவிடுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். அவர் வரும் நாள் ஆயுத பூஜை. எனக்கு அது வசதியாகப் பட்டது. பத்திரிகைக்கு அன்று விடுமுறை. மாமாவின் ஷெட்டும் சும்மா கிடக்கும். முந்தின நாள் மாலையே எல்லாச் சாமானையும் கொண்டுபோய் ஷெட்டின் மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜையன்று ஒரு லேத் ஷெட்டில் மூலையில் கிடக்கும் இரும்புக்கு என்ன நேரும் என்பது கோயமுத்தூரில் பிறந்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அது எங்கள் இரும்புக்கும் நேரும் என்று மட்டும் தோன்றவில்லை.

அத்தை எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். பல வருஷமாகத் துருவேற்றிப் பக்குவப்படுத்திய தகரம் பளபளத்தது. பெடல் ஒவ்வொன்றிலும் சந்தனம். ஆயில் டிரம்முக்குச் செவ்வந்தி மாலை. லேத்துக்குக்கூட அவ்வளவு பெரிய மாலை இல்லை.

கிரைண்டரை நோக்கிக் கையை நீட்டினேன்.

"அம்மணி, தொடாத," என்றார் மாமா. "பொட்டு வெச்சுப்போட்டா நாளைக்குக் காலைல பூஜை பிரிக்கற வரைக்கும் ஆயுதத்தை எடுக்கப்படாது."

"மாமா, இது ஆயுதமில்லீங்க. வாத்தியம்."

"அப்பச் சரஸ்வதி பூஜை. அதுக்கும் எடுக்கப்படாது."

கோட்டைமேட்டுக்காரன் தன் டிரம்மைச் சுற்றிவந்து பார்த்தான். மாமாவுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"தம்பி, உங்க சாமானுன்னு தெரியாம வெச்சுப்போட்டேன். ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"பரவால்லீங்க மாமா. இதுக்கு இப்படியொரு மரியாதை எங்க கடைல கெடைச்சதே இல்லீங்க. சுண்டல் எங்கீங்க?"

மாமா உள்ளே போனதும், "ஈரத்துணி இருக்கா? தொடைச்சுட்டு, முடிஞ்சதும் திரும்ப வெச்சுரலாம்," என்று என் காதருகே சொன்னான்.

"காது கேக்குதுங்க தம்பி," என்றார் அத்தை, பொரி அளந்தபடியே.

மதியம் போத்தனூரிலிருந்து சவுண்ட் சர்வீஸ்காரர் டெம்போவில் வந்தார். ஸ்பீக்கர், மைக், எக்கோ வைத்த மிக்ஸர், ஒரு டீசல் ஜெனரேட்டர். போன முறை எங்களால் தெரு முழுக்கக் கரண்ட் போனதிலிருந்து, ஜெனரேட்டர் இல்லாமல் ஷெட்டுக்குள் வரக்கூடாது என்பது மாமாவின் நிபந்தனை. வந்ததில் எதிலும் பொட்டு இல்லை.

"நீங்க பூஜை போடலீங்களா?" என்று கேட்டேன்.

"நாளைக்குத்தானுங்க. இன்னைக்கு ஊரெல்லாம் பூஜை, எங்களுக்கு ஓட்டம்."

கோட்டைமேட்டுக்காரன் சுண்டல் தட்டைக் கீழே வைத்தான்.

"மாமா, வாடகைச் சாமானுக்குப் பொட்டு வெப்பீங்களா?"

"அதெப்படி? அவுங்கவுங்க சாமானுக்குத்தான்."

"அப்ப இந்த ஷட்டர் ஆருதுங்க?"

"ஷெட்டே வாடகை. ஊட்டுக்காரருது." சொல்லி முடித்த பிறகுதான் மாமாவுக்கு விஷயம் எட்டியது. அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்துக்குப் பெங்களூர்க்காரர் வந்தார். அத்தை அவர் கையில் பொரியும் கடலையும் கொடுத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். நான் ஒரு மைக்கை ஜெனரேட்டரின் புகைக்குழாய் அருகில் நிறுத்தி, எக்கோவை முழுக்கத் திருப்பினேன். சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டைவிரலால் ஆக்ஸிலேட்டரை ஏற்றி இறக்கினார். கோட்டைமேட்டுக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கி, தூக்கி, மறுபடி இறக்கினான். பத்து லாரி ஒன்றாக இருமுவதைப் போலிருந்தது.

எங்கள் பாட்டு எதுவும் அந்தத் தாளத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தது நான் தினமும் வணிகப் பக்கத்தில் போடுகிற சந்தை நிலவரம். விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள், கொப்பரை, நாட்டுச் சர்க்கரை என்று வரிசையாகக் கத்தினேன். ஏறுமுகம், இறங்குமுகம் என்பது பல்லவியானது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காதைப் பொத்தினார். ஆனால் போகவில்லை.

நிறுத்தியதும் முதலில் பேசியவர் மாமா.

"மஞ்சள் சரி அம்மணி. கொப்பரை நேத்தே எறங்கிப்போச்சே?"

பெங்களூர்க்காரர் பொரியை முடித்துக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். சவுண்ட் சர்வீஸ்காரரைக் காட்டி, "ஜெனரேட்டர் வாசிக்கிறவர் எவ்வளவு நாளா உங்க குரூப்பில் இருக்கார்?" என்றார்.

"நான் போத்தனூருங்க," என்றார் அவர்.

பத்து நாளில் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரே நிபந்தனை: அந்த ஜெனரேட்டரும் வரவேண்டும். டெம்போவிலேயே கொண்டுபோனோம். அதன் பிறகு புனே, கொச்சி, இரண்டு முறை சென்னை. எங்கும் ஜெனரேட்டர்தான் முன்வரிசையில் நின்றது. கிரைண்டர் மாமாவின் ஷெட்டில் இரும்பு ஆங்கிள் அறுக்கப் போய்விட்டது.

ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுப்பதைவிடச் சொந்தமாக இருப்பது நல்லதென்று, அடுத்த வருஷம் ஆவணியில் அந்த ஜெனரேட்டரை அவரிடமிருந்து விலைக்கு வாங்கி, மாமாவின் ஷெட்டில் நிறுத்தினோம். புரட்டாசியில் ஒரு கச்சேரி கேட்டார்கள், ஒப்புக்கொண்டோம். தேதியை நான் காலண்டரில் பார்க்கவில்லை.

அன்று காலை ஷெட்டுக்குப் போனபோது, அத்தை ஜெனரேட்டருக்கு மூன்று பட்டை விபூதி பூசி, நடுவில் பொட்டு வைத்திருந்தார்.