நல்ல தோளையும் காட்டுங்க

கல்வராயன் மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்தேன். வலது தோளில் எலும்பு உடைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். அதுவும் மரவள்ளி பிடுங்குகிற நேரத்தில்! முதலில் எக்ஸ்ரே இன்னொரு முறை எடுத்து வரச் சொன்னார்.

படம் எடுப்பவர் ஒல்லியான மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். வலிக்கிற இடத்தைத்தான் பார்ப்பார். என் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தத் தோளையும் காட்டுங்க" என்றார்.

"இன்னாத்துக்குங்க? அது நல்லாத்தான இருக்கு?"

"அதனாலதான் கேக்குறேன்."

எந்தத் தோள் வலிக்கிறதென்றே புரியாத ஆளிடம் மாட்டிக்கொண்டோமே என்று எரிச்சலோடு காட்டினேன்.

இடது தோளிலும் அதே இடத்தில் அதே பிளவு.

"எந்தப் பக்கம் வுழுந்தீங்க?"

"சோத்துக்கைப் பக்கந்தான்."

"அப்ப இது எப்பிடி ஒடஞ்சிது? சில பேருக்கு வளர்ற வயசுல இந்த எலும்பு ஒட்டாமலே நின்னுடுமுங்க. ரெண்டு படத்தையும் டாக்டருகிட்ட காட்டுங்க."

டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். உடைப்பே இல்லை, வெறும் அடிதான் என்று ஆபரேஷனை ரத்து செய்தார்.

போன மாதம் அந்த மனிதரை பஸ் ஸ்டாண்டில் பார்த்து வணக்கம் வைத்தேன். விழித்தார். பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், விழுந்த கதையையும் சொன்னேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கடைசியில் என் இரண்டு தோள்களின் உச்சியையும் தொட்டுக் காட்டினேன்.

"அட, நீங்களா! நல்லா இருக்குறீங்களா?" என்றார், என் தோள்களைப் பார்த்து.