பெரிய சுருளும் வளையும் தடியும்: திருத்தணியில் இரண்டு நாள்

“அண்ணா, இது மண்ணுக்குள்ள கீற இரும்பைப் பார்த்துக் கத்துதா, உன் கை ஆடுறதைப் பார்த்துக் கத்துதா?” என்று என் தங்கை தனம் ஒருமுறை கேட்டாள். அவள் கையில் வேரோடு பிடுங்கிய கடலைச் செடி இருந்தது. இருபது வருடம் பள்ளியில் பௌதிகம் நடத்தியிருந்த எனக்கு அதுவரை அந்தச் சந்தேகம் எழவே இல்லை. உலோகம் காட்டும் கருவியோடு ஊருக்குப் போகிறோம், பெரிய சுருள் போட்டால் ஆழமாகப் பார்க்குமா என்று இப்போது எனக்கு எழுதிக் கேட்பவர்களுக்காக அந்தப் பயணத்தைச் சொல்கிறேன்.

1983 ஏப்ரல். தனத்தின் கணவர் முனிரத்தினம் திருத்தணிக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் கைத்தறி நெய்பவர். முக்கால் ஏக்கர் கழனியும் உண்டு. கடலை காய் பிடிக்கும் நேரத்தில் கிணறு வற்றிவிட்டது. அதே கழனியில் அவர் அப்பா ஒரு ஆழ்குழாய் போட்டிருந்தார். கிணறு நிறைந்திருந்த நாட்களில் அது தேவைப்படவில்லை. வாயை இரும்பு மூடியால் அடைத்து, மேலே மண் தள்ளி, உழுதுவிட்டார்கள். இடம் தெரிந்த பெரியவர் இப்போது இல்லை. திங்கட்கிழமை காலை வாடகை மோட்டார் வரும். அதற்குள் குழாய் கிடைக்காவிட்டால் மோட்டார் வேறு கழனிக்குப் போய்விடும், கடலை காய்ந்துவிடும்.

குழாய் பதிக்கும் நண்பர் ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கினேன். தடியின் நுனியில் மண்ணைப் பார்க்கும் கம்பிச் சுருள் முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவில்தான் இருந்ததாம். ஆழம் போதவில்லை என்று சல்லடை அளவுக்குப் பெரிதாக ஒன்றை மாட்டியிருந்தார். தடி மட்டும் பழையதே. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று மெல்லிய அலுமினியக் குழாய்.

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குச் சென்னை சென்ட்ரலில் ரயில். அறுபத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி அரக்கோணத்தில் இறங்கும்போது எட்டு. அங்கிருந்து திருத்தணிக்குப் பேருந்தில் அரை மணிக்குக் கொஞ்சம் கூட. ஒரு ரூபாய் இருபது காசு.

“இன்னா சார் இது, டிவி ஆன்டெனாவா?” என்றார் நடத்துனர்.

“இல்லீங்க, மண்ணுக்குள்ள இரும்பு தேடுற கருவி.”

“தேடுறது கீழ உக்காந்துகினு தேடட்டும். சீட்டுல வெச்சா அதுக்கும் டிக்கெட்டு.”

மடியில் வைத்துக்கொண்டேன். பேருந்து நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடை. கழனி போய்ச் சேர்ந்தபோதே பாதி உயிர் போயிருந்தது.

கருவியை இயக்கியதும் கழனி முழுக்கச் சத்தம். கத்திய இடத்தில் எல்லாம் கூலிக்கு வந்திருந்த கன்னியப்பன் தோண்டினார். ஒரு குழி, இரண்டு அடி, ஒன்றுமில்லை. அடுத்தது. மதியத்துக்குள் ஐந்து குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய் அகலம் பச்சைக் கடலை போனது.

கன்னியப்பன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். “வாத்தியாரே, உன் மெஷினு எங்க தெரு நாய் மாரி. வரவன் போறவன் எல்லாரையும் பார்த்துக் குலைக்குது.”

அப்போதுதான் தனம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது.

காவடி எடுத்து வருபவர் படியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஒரு படியில் நின்ற பிறகும் காவடித் தண்டு இருபுறமும் வளைந்து எழும்பும்; பால் செம்பு தாழ்ந்து உயரும். செம்பு கனமானால் ஆட்டமும் கூடும். என் தடியும் அப்படித்தான். இடமும் வலமும் வீசித் தேடும்போது வீச்சின் முனையில் கை நின்றுவிடும், கனத்த சுருள் நிற்காது. தரைக்கு ஒருமுறை கிட்டே வரும், ஒருமுறை விலகும். சுருளுக்கும் மண்ணுக்கும் இடைவெளி மாறினாலே இந்தக் கருவி கத்தும். இரும்புச் சத்துள்ள அந்தச் செம்மண்ணில் இன்னும் அதிகம். யோசித்துப் பார்த்தால் ஐந்து குழியும் என் வீச்சின் முனைகளில்தான் இருந்தன. தனம் சரியாகவே கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மூங்கிலைப் பிளந்து இரண்டு பட்டை எடுத்தோம். ஒன்றைத் தடியின் நீளத்துக்கு ஒட்டிவைத்தோம். இன்னொன்று சுருளின் அருகிலிருந்து கைப்பிடிவரை சாய்வாக, முக்கோணம் போல. “கட்டுறதை என்கிட்ட வுடு மச்சான்” என்று மாப்பிள்ளை முனிரத்தினம் வீட்டுக்குள் போய் ஒரு கண்டு நூல் எடுத்து வந்தார். கட்டு அழகாகத்தான் இருந்தது. தடி அசையவே இல்லை. ஆனால் கருவி நேற்றைவிடப் பலமாக அலறியது.

ஒன்றரை மணி நேரம் மூட்டுகளைக் கழற்றினேன், மின்கலத்தை மாற்றினேன். தனம்தான் சுருளுக்குப் பக்கத்தில் தொங்கிய நூல் நுனியைப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாய்யா இது, ஜரிகையா?”

“ஆங். அறாதுன்னுட்டுதான். உள்ள பட்டு, மேல வெள்ளிக் கம்பி.”

“இரும்பு தேடுற மெஷினுக்கு நகை போட்டு அனுப்பறியா, கல்யாணத்துக்கா போவுது?”

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நூல் என்றால் பருத்தி என்று நானும் பார்க்காமல் விட்டேன்.

ஜரிகையைப் பிரித்துப் பருத்தி நூலால் சுற்றினோம். தறியில் ஏற்றும் பாவு நூலை விறைக்க வைப்பதுபோல் தனம் அதன்மேல் அரிசிக் கஞ்சியைத் தடவினாள். ஏப்ரல் வெயிலில் நாற்பது நிமிடம். கட்டு கட்டையாகிவிட்டது. தடி இப்போது கனம். துண்டை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டி, பாரத்தை அதில் தொங்கவிட்டேன். வீச்சையும் மூன்று அடிக்குக் குறைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கினால், கழனி ஊமையாகிவிட்டது. இரண்டு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. கால் தானாக நடந்தது. “நேத்து குலைச்சுது, இன்னைக்குத் தூங்குது” என்றார் கன்னியப்பன். மூன்று நாற்பதுக்கு, வடக்கு வரப்பிலிருந்து நான்கு அடி தள்ளி ஒரு சத்தம். இடமிருந்து வலம் போனேன், கத்தியது. வலமிருந்து இடம் வந்தேன், அதே இடத்தில் கத்தியது. வீச்சின் நடுவில்.

“நான் தோண்ட மாட்டேன், வாத்தியாரே. இன்னும் செடியைக் கொல்ல எனக்கு மனசு இல்ல.”

மாப்பிள்ளை மண்வெட்டியை வாங்கினார். இரண்டே கால் அடியில் ‘டங்’ என்றது. மூடியை நெம்பித் திறந்து ஒரு கூழாங்கல்லைப் போட்டார். நால்வரும் குழிமேல் குனிந்து காது கொடுத்தோம். இரண்டு மூன்று நொடி கழித்து, கீழே தண்ணீர்ச் சத்தம். தனம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மோட்டார் வந்தது. கடலை பிழைத்தது, ஐந்து குழி போக. அந்தக் குழிகளுக்குக் கருவி பொறுப்பில்லை. தடியைச் சோதிக்காமல் அடுத்தவர் பயிரில் இறங்கிய நான்தான் பொறுப்பு. அறுவடைக்குப் பிறகு தனம் ஒரு படி கடலை அனுப்பினாள். உரிக்கும்போது எனக்கு அந்த ஐந்து குழிதான் கண்ணில் நின்றது.

கோடையில் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள்ளும் மாலை மூன்றுக்குப் பிறகும் மட்டும் தேடுங்கள். கட்டுவதற்குப் பருத்தி நூலும் மூங்கிலும் கொண்டுபோங்கள், ஆணியும் கம்பியும் வேண்டாம். மலைக் கோயிலுக்கு வேலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். எனக்கு முதல் படியிலேயே கால் மறுத்துவிட்டது, கீழிருந்தே கும்பிட்டுத் திரும்பினேன்.

புறப்படும் முன், உங்கள் வீட்டு வெறும் தரைக்கு மேல் சுருளை ஒரு சாண் உயரத்தில் பத்துமுறை வீசி, முனையில் சட்டென்று நிறுத்துங்கள். பெரிய சுருள் ஆழமாகப் பார்க்கும்தான்; ஆனால் கை நின்ற பிறகும் அது ஆடினால், முதலில் தடியைக் கட்டுங்கள்.