தாடையில் ஈரம்

இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இது என் அக்காவுக்கு நடந்தது. பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே, "போய் வேலையப் பாரு" என்று எழுந்து போகிறவள் அவள்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அவளுக்கு வேலை. கல்லாகிப்போன எலும்புகளில் ஒட்டியிருக்கும் பாறையை ஊசியாலும் தூரிகையாலும் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அன்று மேசைமேல் இருந்தது, மூன்று வாரமாக அவள் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு கீழ்த்தாடை. மூன்று கோடி வருடங்களுக்கு முன் திரிந்த குளம்பு விலங்கு. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். மானுக்கு மூதாதை முறை. பல்லில் இருக்கும் கீறல்களைப் பார்த்தே அது புல் மேய்ந்ததா, இலை கடித்ததா என்று ஆராய்ச்சி அதிகாரி சொல்லிவிடுவார்.

மதியம் 1.50. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா காலையிலிருந்து வெறும் தண்ணீர்தான் குடித்திருந்தாள்.

முதலில் நாற்றம். ஊறி அழுகிய வைக்கோலைக் கிளறிவிட்ட மாதிரி. சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள்.

1.58. தூரிகை நுனி பச்சையாக வந்தது. துடைத்தாள். மறுபடியும் பச்சை. பல்லிடுக்கில் நூல் நூலாகக் கோழை. தொட்டுப் பார்த்தாள். கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது.

அதிகாரிக்கு போன் போட்டாள்.

"சார், பல்லு ஈரமா இருக்கு."

"விரிசல்ல தடவின பசை காயலையா?"

"பசை இல்ல சார். எச்சில்."

"வாய்ல என்ன வச்சிருக்கீங்க? பேசறது புரியல."

"ஒண்ணும் இல்லையே சார்."

போனை வைத்தாள்.

கரக்… கரக்…

குனிந்து பார்த்தாள். தாடை அசையவில்லை. அது கல்.

கரக்… கரக்…

சத்தம் அவள் காதுக்குள்ளிருந்து வந்தது.

அசைந்தது அவளுடைய தாடை. மேலும் கீழுமாக அல்ல… பக்கவாட்டில்.

நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை.

இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்…

துப்பினாள். 2.04.

வெள்ளைத் தட்டில் பச்சை உருண்டை. ஆவி பறந்தது. அதிலிருந்து அவள் உதடு வரைக்கும் கோழை இழுத்துக்கொண்டு நின்றது.

இதற்கப்புறம் உள்ளதை அக்கா இன்றைக்கும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொல்வாள். அந்த ருசி அவளுக்குப் பிடித்திருந்தது. வாய் மறுபடி ஊறியது.

அதிகாரி அந்த உருண்டையை, எங்கே கிடைத்தது என்று சொல்லாமல், ஒரு கால்நடை மருத்துவரிடம் கொடுத்தார். மறுநாளே மருத்துவர் போனில் கூப்பிட்டார்.

"எந்த மாட்டோடது சார் இது?"

"ஏன் கேக்கறீங்க?"

"முழுங்கி, வயித்துல ஊறி, திரும்ப வாய்க்கு வந்த புல்லு. அசைபோடற மிருகத்தோட வயித்துக் கிருமி இதுல உயிரோட நெளியுது. ஆனா இந்த மாதிரிக் கிருமிய நான் பார்த்ததே இல்ல."

அக்கா எதைத் தின்றாள், எப்போது தின்றாள் என்று யாருக்கும் புரியவில்லை.

எல்லாம் கேட்டு முடித்த அத்தான்தான் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மூணு வாரமா காலையில அவ உள்ளங்கையிலயும் முழங்கால்லயும் ஈர மண்ணு ஒட்டியிருக்கு. கேட்டா கோபப்படுவான்னு நான் கேக்கல."