ஸ்கூட்டருக்கு ஏற்றிய சேலைன்

எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டு விறாந்தையில், குடை கொழுவும் ஆணியில், ஒரு வெறும் சேலைன் போத்தல் தொங்குகிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இறங்குகிறது; போத்தல் மஞ்சள் பிடித்துவிட்டது. பக்கத்தில் உள்ள அளவுக் கோடுகள் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கு வருத்தம் என்று கேட்பார்கள். என் ஸ்கூட்டருக்கு என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் போத்தலால் ஏற்றியது பெற்றோல்தான். ஓடுகிற ஸ்கூட்டரின் பின்னால் இருந்து அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தவர் எங்கள் சுகாதார அலுவலக ஜீப்பின் ட்ரைவர் அண்ணை.

நான் மருத்துவமாது. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் எனக்கு மூதூரில் வேலை. கிழமை நாட்களில் அங்கேயே ஓர் அறையில் தங்கி, கிளிவெட்டிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர்களை ஸ்கூட்டரில் சுற்றி வருவேன். ஜீப் டீசல் இல்லாமல் கொட்டிலுக்குள் நின்றது. ட்ரைவர் அண்ணை பெரிய உடம்புக்காரர், அதைவிடப் பெரிய வாய்க்காரர். ஓடாத ஜீப்பைத் தினமும் துடைத்துக்கொண்டே என் ஸ்கூட்டரைக் கண்டதும் தொடங்கிவிடுவார். அதன் ரீங்காரத்துக்கு அவர் வைத்த பெயர் நுளம்பு. "மிஸ், உங்கட நுளம்பு இண்டைக்கு எவ்வளவு குடிச்சது?" என்பார். நுளம்பு ஒழிக்கிற அலுவலகத்தில் இருந்துகொண்டு அந்தக் கதை கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கிழமைக்கு ஒருதரம் கைபேசியில் கியூஆரைக் காட்டி அடிக்கிற, ஆளுக்கு அளந்த பங்கீட்டுப் பெற்றோலில், கர்ப்பிணிகளின் வீடுகளைப் பார்த்து முடிக்கும்போதே தாங்கி வறண்டுவிடும். ஆகத் தொலைவில் உள்ள வயல்காட்டு ஊரில் மாதாமாதம் மரத்தடியில் நடத்தும் கிளினிக்குக்குப் போவதற்குத்தான் மிஞ்சாது. தடுப்பூசிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைத் தள்ளியபடி வெயிலில் நடந்திருக்கிறேன். கடைசியில் அலுவலகத்துக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து அந்த ஊர்த் தாய்மாரை மூதூருக்கே வரச் சொல்லிவிடச் சொன்னார். அவரில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் அந்த ஊருக்கு பஸ் இல்லை. நான் போய்ச் செய்தியைச் சொன்னபோது எட்டு மாதக்காரி ஒருத்தி, "அதுக்கென்ன மிஸ், இவர் சைக்கிளில ஏத்திக்கொண்டு வருவார்தானே" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பாதையோ முழுக்கக் குண்டும் குழியும். திரும்பி வந்து டொக்டர் அம்மாவிடம் தவணை கேட்டேன். "சரி மிஸ். ஒரு கிழமைப் பெற்றோலில வீடுகளும் பாத்து, கிளினிக்கும் செய்து, ஸ்கூட்டரை ஓடிக்கொண்டே திரும்பி வந்து காட்டுங்கோ. தள்ளிக்கொண்டு வந்தா அந்தக் கதை முடிஞ்சுது" என்றார்.

பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அந்த நாட்களில் மெக்கானிக்மார்தான். பிளக்கை மாற்று, விலை கூடினதாகப் போடு, அதன் நுனிக்கும் மேலே வளைந்திருக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள இடைவெளியை நன்றாகக் கூட்டிவிடு, பொறி பெரிதாக அடிக்கும், பெற்றோல் மிச்சம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் நம்பி, வேக மோட்டார் சைக்கிள்களுக்குப் போடும் பளபளப்பான பிளக் ஒன்றை வாங்கி, இடைவெளியையும் கூட்டுவித்துப் பூட்டினேன். அலுவலகத்துக்கு வந்து, இப்போது வித்தியாசம் தெரிகிறது, பறக்கிறது என்று அளந்துவிட்டேன். ட்ரைவர் அண்ணை ஜீப்புத் துணியை உதறியபடி கேட்டார்: "மிஸ், கிளினிக்கில பிள்ளையக் கையில தூக்கிப் பாத்தோ பாரம் எழுதுறனீங்கள்? தராசில போட்டெல்லோ எழுதுறனீங்கள்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுள்ளென்று தைத்தது. கோபத்தோடு உள்ளே போய், கழித்துப் போட்டிருந்த ஒரு வெறும் சேலைன் போத்தலைக் குழாயோடு கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். "இந்தாங்கோ தராசு. இதில நிறுத்துக் காட்டுறன். நீங்கள்தான் பின்னால இருந்து பிடிக்க வேணும்" என்றேன். மனிதர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாங்கியிலிருந்து வரும் குழாயை அடைத்து, போத்தலில் அளந்து பெற்றோல் ஊற்றி, அதன் குழாயை எஞ்சினில் பூட்டினார். மூதூர் இறங்குதுறையிலிருந்து புறப்பட்டு ஊருக்கு வெளியே உள்ள மதகு வரை போய்த் திரும்பினால் ஒவ்வொரு பிளக்குக்கும் எத்தனை கோடு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கொட்டியாரக் குடாவின் காற்று முகத்தில் அடிக்க நான் ஓட, அவர் பின்னால் கையை உயர்த்தி, ஆசுபத்திரி வண்டியில் நோயாளியைக் கொண்டுபோகிற மாதிரியே வந்தார். சனம் கடைக்குள்ளிருந்து இறங்கி வந்து பார்த்தது. மீன் விற்கும் நானா ஒருவர், "மிஸ், ஸ்கூட்டருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். "மயக்கம் நானா. அடிக்கடி விழுகுது" என்று பின்னாலிருந்து பதில் போனது.

சொன்னால் வெட்கம், என் விலை கூடிய பிளக்தான் ஆகக் கூடுதலாகக் குடித்தது. பழைய தேய்ந்த பிளக்கைவிடவும் மோசம். பாரத்தோடு முறுக்கும்போதெல்லாம் ஸ்கூட்டர் திக்கித் திக்கி இழுத்தது. கழற்றிப் பார்த்தால் நுனி முழுக்க அடுப்புக் கரி. அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. இடைவெளி கூடினால் பொறி தாண்ட முடியாமல் இடையிடையே தவறுகிறது. தவறும் ஒவ்வொரு முறையும் பெற்றோல் எரியாமல் புகைக்குழாயால் போகிறது. வேக எஞ்சினுக்கான பிளக்கோ சூட்டை உடனே விட்டுவிடும். என்னைப் போல ஒழுங்கைகளில் நின்று நின்று போகிறவளிடம் அது படிந்த கரியை எரிக்கும் அளவுக்குச் சூடாகாது. பழைய பிளக்கில் இருந்த அதே இலக்கத்தில் சாதாரணமான புதுப் பிளக் ஒன்று வாங்கினோம். ஜீப்பின் வால்வுகளுக்கு இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகள் ட்ரைவர் அண்ணையின் பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு தகடாக வைத்து இடைவெளியைக் குறைத்தும் கூட்டியும் ஓடினோம். மிகவும் குறைத்தால் பொறி வலுவில்லாமல் மறுபடி குடித்தது. நடுவில் ஒரு தகட்டில், போத்தலில் கோடு இறங்கவே மனமில்லாத மாதிரி நின்றது. "மிஸ், நிப்பாட்டுங்கோ, நான் பிழையாப் பாக்கிறன் போல" என்றார் அண்ணை. பிழையில்லை. பிளக் மந்திரம் ஒன்றும் செய்யவில்லை, வீணாய்ப் போனதை நிறுத்தியது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த மிச்சம்தான் தேவையாக இருந்தது.

அந்தக் கிழமை எல்லா வீடும் போனேன். கிளினிக் நாளன்று தராசையும் பெட்டியையும் கட்டிக்கொண்டு வயல் பாதைக்குள் திரும்பியபோதும் ஸ்கூட்டர் ஒருதரம்கூடத் திக்கவில்லை. நான் வரமாட்டேன் என்று நினைத்தும் தாய்மார் மரத்தடியில் வந்து குந்தியிருந்தார்கள். சத்தம் கேட்டு எல்லாரும் எழும்பினார்கள். அந்த எட்டு மாதக்காரியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, தூசி என்று சொல்லித் துடைத்தேன்.

அலுவலகத்துக்கு ஸ்கூட்டரை ஓடிக்கொண்டே வந்து சேர்ந்தேன். ஹோர்னை விடாமல் அடித்ததும் நான்தான். ட்ரைவர் அண்ணை தாங்கியில் மிஞ்சியதைப் போத்தலுக்குள் வடித்து, சேலைன் கம்பத்தில் கொழுவி, உருட்டிக்கொண்டுபோய் டொக்டர் அம்மாவின் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "மிஸ்ஸின்ட நுளம்பு குடிக்காமல் விட்டது, டொக்டர்" என்றார். டொக்டர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல் அதை வெளியால கொண்டு போங்கோ" என்றார். பிறகு சிரித்துவிட்டு, "கிளினிக் அங்கயே நடக்கட்டும்" என்றார். இன்றைக்கும் அங்கேதான் நடக்கிறது. அந்த எட்டு மாதக்காரி பெற்ற பெடியனுக்கு முதலாம் கிளினிக் அந்த மரத்தடியில்தான், நிறை பார்த்தது நான்.

இப்போது நினைத்த நேரம் பெற்றோல் அடிக்கலாம், நானும் பட்டினத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். ட்ரைவர் அண்ணை ஓய்வு எடுத்துக்கொண்டு உப்புவெளியில் இருக்கிறார். போன கிழமை படலையடியில் ஹோர்ன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மனிதர் ஒரு பழைய ஸ்கூட்டரில் முழங்கால் இரண்டும் வெளியே தள்ள உட்கார்ந்திருக்கிறார். "என்ன அண்ணை, நுளம்பு வளக்கிறியளோ?" என்றேன். நான் காத்திருந்த நாள் அது, விடுவேனா. "கதையை விடுங்கோ மிஸ். கண்டபாட்டுக்குக் குடிக்குது. ஒருக்காப் பாருங்கோ" என்றார். ஆணியிலிருந்து போத்தலை எடுத்து, புதுக் குழாய் பூட்டிக் கொண்டுவந்தேன். பழக்கத்தில் அவர் கையை நீட்டினார். "நீங்கள் ஓடுங்கோ, இந்தமுறை நான் பிடிக்கிறன்" என்று பின்னால் ஏறினேன். சந்தியில் நின்ற மரக்கறிக்கார அக்கா வாயைப் பிளந்துகொண்டு, "மிஸ், ஸ்கூட்டருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"வருத்தம் ஒண்டுமில்லை அக்கா" என்றேன், போத்தலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி. "முதலாம் கிளினிக்."